அலைக்கு அணை போட்ட வியாபாரி

குழந்தைகளே! ஆண்டுதோறும் நவம்பர் 5-ஆம் தேதி, உலக சுனாமி விழிப்புணர்வு நாள். 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை இதை முடிவு செய்தது.

சுனாமி என்றதும் நம் ஊரில் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது 2004 டிசம்பர் 26 தான். நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி என்று நம் கடற்கரை ஊர்களுக்குள் கடல் புகுந்த நாள் அது. நீங்கள் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். அப்பா, அம்மாவைக் கேளுங்கள், சொல்வார்கள். அப்படி இருக்க, டிசம்பர் 26-ஐ விட்டுவிட்டு நவம்பர் 5-ஐ ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

காரணம், சோயா சாஸ் விற்ற ஒரு வியாபாரி! அவர் பெயர் ஹமாகுச்சி கோர்யோ.

ஜப்பானின் தெற்குக் கரையில் கீ என்று ஒரு மாநிலம் இருந்தது. இப்போது அந்தப் பகுதியின் பெயர் வகயாமா. அங்கே ஹிரோ என்ற கடற்கரை கிராமத்தில் 1820-ஆம் ஆண்டு கோர்யோ பிறந்தார். பக்கத்து ஊரான யுவாசா, சோயா சாஸுக்குப் பேர்போனது. கோர்யோவின் முன்னோர் அந்தத் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டு, 500 கி.மீ.க்கும் அப்பால் கிழக்கே இருந்த சோஷி என்ற துறைமுக ஊரில் 1645-இல் கடை போட்டவர்கள். அந்த நிறுவனம் இன்றும் நடக்கிறது.

12 வயதில் கோர்யோவை மூத்த குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்கு வாரிசு என்றால் சோஷியில் போய்த் தொழில் கற்க வேண்டும். முதலாளி வீட்டுப் பிள்ளை என்று தனியாக உட்காராமல், வேலைக்கு இருந்த மற்ற பையன்களோடு சேர்ந்தே வேலை கற்றார் என்று சொல்கிறார்கள். படிப்பிலும் ஆசை அதிகம். வெளிநாடுகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதைவிட அதிகம். ஆனால் அந்தக் காலத்தில் ஜப்பானியர் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று சட்டமே இருந்தது! அதனால் அந்த ஆசை மனத்துக்குள்ளேயே இருந்தது. 1852-இல் சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக, உறவினர்களோடு சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்.

1854 டிசம்பரில் கோர்யோவுக்கு 34 வயது. அப்போது அவர் ஹிரோவில் இருந்தார்.

டிசம்பர் 23 காலை. பூமி நன்றாகக் குலுங்கியது. கடலில் நீர்மட்டம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அது வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லை என்று கோர்யோவுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரியும்?

கடற்கரையில் பிறந்தவர்களுக்குக் கடலின் கணக்கு தெரியும். நீங்கள் கடற்கரையில் கால் நனைக்கும்போது வரும் அலைகளைக் காற்றுதான் உண்டாக்குகிறது. எங்கோ தொலைவில் காற்று நீர்ப்பரப்பை உரசிக் கிளப்பிவிட்ட அலை, ஓடி வந்து உங்கள் காலடியில் உடைகிறது. சில விநாடிகளுக்கு ஒன்று வரும். கடலின் மேல்பகுதி நீர் மட்டுமே இதில் ஆடும். ஆழத்தில் இருக்கும் மீனுக்கு மேலே புயல் அடிப்பதே தெரியாது.

ஓதம் என்பது வேறு. நிலாவும் சூரியனும் கடல்நீரை ஈர்ப்பதால் உண்டாகிறது. பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறி, இரண்டு முறை இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நிலாவும் சூரியனும் ஒரே கோட்டில் வருவதால் ஏற்றமும் இறக்கமும் பெரிதாக இருக்கும். எந்த நாளில் எந்த நேரத்தில் ஏறும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆறு மணி நேரத்தில் மெல்ல ஏறவேண்டிய நீர், சில நிமிடங்களிலேயே ஏறி இறங்கினால்? நிலாவுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்று அர்த்தம்.

ஹிரோ மக்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1707-ஆம் ஆண்டே அந்த ஊரைச் சுனாமி அழித்திருந்தது. அந்தக் கதை தாத்தா, பாட்டி வாய்வழியாக வந்துகொண்டிருந்தது. கோர்யோ ஊர் மக்களை மேட்டில் இருந்த ஹச்சிமன் கோயிலுக்குப் போகச் சொன்னார். அன்று இரவு பலர் அங்கேயே தங்கினார்கள். எதுவும் நடக்கவில்லை. மறுநாள் காலை கடல் அமைதியாக இருந்தது. எல்லாரும் வீடு திரும்பிவிட்டார்கள். எத்தனை பேர் முணுமுணுத்தார்களோ!

டிசம்பர் 24. நடுப்பகலில் ஊர்க்காரர் இருவர் கோர்யோவிடம் ஓடி வந்தார்கள். கிணற்றில் தண்ணீர் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்திருக்கிறது என்று சொன்னார்கள். மாலை 4 மணி அளவில், முதல் நாளைவிடக் கடுமையாகப் பூமி ஆடியது. ஓடுகள் பறந்தன, சுவர்கள் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் கடல் பக்கமிருந்து பீரங்கி வெடிப்பது போன்ற சத்தம் கேட்டது.

கடலுக்கு அடியில் என்ன நடந்தது? ஜப்பானுக்குத் தெற்கே கடலடியில் நன்காய் பள்ளம் என்று ஒரு நீண்ட பள்ளம் இருக்கிறது. அங்கே கடலடிப் பாறைத்தட்டு ஒன்று, ஜப்பானைத் தாங்கும் தட்டுக்குக் கீழே நுழைந்துகொண்டே இருக்கிறது. வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான். உங்கள் நகம் வளர்கிற வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே போகும் தட்டு, மேலே உள்ள தட்டின் விளிம்பையும் பிடித்துக் கீழே இழுக்கிறது. பிளாஸ்டிக் அடிக்கோலை மேசை ஓரத்தில் வைத்து விரலால் அழுத்தினால் வளையும் அல்லவா? அதுபோலப் பல ஆண்டுகள் வளைகிறது. ஒரு நாள் பிடி விட்டுப்போகும். விளிம்பு மேலே துள்ளும். அதுதான் பூகம்பம். அந்தத் துள்ளலில் அதன் மேல் நிற்கும் கடல் முழுவதும், அடி முதல் மேற்பரப்பு வரை, மேலே தூக்கப்படும். அப்படித் தூக்கப்பட்ட நீர் நாலாபுறமும் பரவுவதே சுனாமி.

1854-இல் இந்தப் பள்ளத்தின் கிழக்குப் பகுதி முதல் நாள் காலை துள்ளியது. சுமார் 32 மணி நேரம் கழித்து மேற்குப் பகுதி துள்ளியது. ஹிரோவுக்கு அருகில் இருந்தது இந்த இரண்டாவதுதான்.

சுனாமியின் ஓட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஆழம் அதிகமானால் வேகம் அதிகம். 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் ஓடும். விமானத்தின் வேகம்! ஆனால் அங்கே அதன் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டர்கூட இருக்காது. படகில் இருப்பவருக்கு அது கடந்து போனதே தெரியாது. கரையை நெருங்கி ஆழம் 10 மீட்டராகக் குறையும்போது வேகம் மணிக்கு 36 கி.மீ. ஆகிவிடும். முன்னால் போகும் நீர் மெதுவாகிவிட, பின்னால் வரும் நீர் வேகமாக வந்து மேலே ஏற, அலை உயர்ந்துவிடும். மீன் பிடிக்கப் போனவர்கள் கடலில் ஒன்றும் தெரியாமல் திரும்பி வந்து பார்த்தால் துறைமுகமே அழிந்திருக்கும். 'சு' என்றால் ஜப்பானிய மொழியில் துறைமுகம், 'நாமி' என்றால் அலை. பெயர் வந்த கதை புரிகிறதா?

ஹிரோ வளைகுடா, வாய் அகலமாகவும் உள்ளே போகப் போகக் குறுகலாகவும் இருக்கும். எண்ணெய் ஊற்றும் புனலை நினைத்துக்கொள்ளுங்கள். புனலுக்குள் வந்த நீருக்குப் போக இடம் ஏது? மேலேதான் ஏற வேண்டும். புனலின் முனையில் இருந்தது கிராமம்.

மக்களைக் கோயில் மேட்டுக்கு விரட்டிக்கொண்டிருந்த கோர்யோவையே அலை பிடித்துவிட்டது. நீரில் அடித்துச் செல்லப்பட்டு, திணறித் தவித்து, எப்படியோ ஒரு மேட்டில் ஏறித் தப்பினார். திரும்பிப் பார்த்தால் வீடுகளும் மரங்களும் மனிதர்களும் நீரில் மிதந்துகொண்டிருந்தார்கள். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அப்பாவைத் தேடும் பிள்ளைகள், பிள்ளைகளைத் தேடும் அம்மாக்கள். பலர் இன்னும் வந்து சேரவில்லை.

அதற்குள் இருட்டிவிட்டது. பிறை நிலா, அமாவாசை கழிந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தன. கோர்யோ இளைஞர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, தீப்பந்தங்களோடு மீண்டும் கீழே இறங்கினார். பாதை முழுவதும் உடைந்த வீடுகளின் மரங்கள். மேலே போக முடியவில்லை. தப்பிப் பிழைத்தவர்களுக்கு இந்த இருட்டில் மேடு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?

அறுவடை முடிந்த காலம் அது. வழியோர வயல்களில் வைக்கோல் போர்கள் நின்றன. அவற்றுக்குத் தீ வைக்கச் சொன்னார். பத்துக்கும் மேற்பட்ட போர்கள் வரிசையாகப் பற்றி எரிந்தன. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு, நீரிலும் சேற்றிலும் திசை தெரியாமல் தத்தளித்தவர்கள் கோயில் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

தீ வைத்துவிட்டு மேலே ஏறிய சிறிது நேரத்தில் இன்னோர் அலை வந்தது. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது! எரிந்துகொண்டிருந்த வைக்கோல் போர்களையும் அது அள்ளிக்கொண்டு போனது. சுனாமி ஒற்றை அலையாக வருவதில்லை, இதை மட்டும் நன்றாக மனத்தில் வையுங்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே பத்து நிமிடமும் இருக்கலாம், ஒரு மணி நேரமும் இருக்கலாம். முதல் அலை வடிந்ததும் பொருள்களை எடுக்கக் கீழே இறங்குபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 2004-இல் நம் கரையிலும் இது நடந்தது. பல இடங்களில் கடல் உள்வாங்கியதைப் பார்த்து வேடிக்கை பார்க்கப் போனவர்களும் உண்டு. உள்வாங்கிய கடல் திரும்பி வரும் என்று அவர்களுக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை.

ஹிரோவில் அப்போது சுமார் 1,300 பேர் வாழ்ந்தார்கள். 125 வீடுகள் இருந்த இடம் தெரியாமல் போயின. மற்ற வீடுகளும் சேதமாயின. ஆனால் இறந்தவர்கள் எண்ணிக்கை முப்பதை ஒட்டியே இருந்தது. மற்ற அனைவரும் பிழைத்தார்கள்.

பெரும்பாலான கதைகள் இந்த இடத்தோடு முடிந்துவிடும். எனக்கோ கோர்யோவின் கதை இங்கேதான் தொடங்குகிறது என்று தோன்றுகிறது.

பிழைத்தவர்களுக்குச் சாப்பிட ஒன்றும் இல்லை. அன்று இரவே கோர்யோ பக்கத்து ஊருக்குப் போய்ப் பேசி அரிசி வாங்கி வந்தார். தன் பங்காக 200 மூட்டை அரிசி கொடுத்தார். சுமார் 50 வீடுகள் கட்டிக் கொடுத்தார். மீனவர்களுக்குப் படகும் வலையும், விவசாயிகளுக்குக் கருவிகளும் வாங்கித் தந்தார்.

இருந்தும் மக்கள் மனம் ஒட்டவில்லை. 1707-இல் அழிந்த ஊர் மறுபடியும் அழிந்துவிட்டது. பேரன் காலத்தில் இன்னொரு முறை வராது என்று என்ன நிச்சயம்? ஊரை விட்டுப் போய்விடலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். தானமாகக் கிடைக்கும் அரிசியை எத்தனை நாள் சாப்பிடுவது என்ற வெட்கம் வேறு.

கோர்யோ ஒரு கணக்குப் போட்டார். ஊருக்கு வேண்டியது இரண்டு. இன்று சம்பளம், நாளை பாதுகாப்பு. இரண்டையும் ஒரே வேலையில் கொடுத்தால் என்ன? கடலுக்கும் ஊருக்கும் நடுவே பெரிய மண் கரை ஒன்று கட்டலாம் என்று முடிவு செய்தார். அரசாங்கத்திடம் அனுமதி மட்டும் வாங்கினார். பணம் அவருடையது!

1855-இன் தொடக்கத்தில் வேலை ஆரம்பமானது. விவசாய வேலை இல்லாத மாதங்களில் ஒரு நாளைக்கு 400, 500 பேர் மண் சுமந்தார்கள். ஆண்கள், பெண்கள், வயதானவர்கள் எல்லாருக்கும் வேலை உண்டு. அன்றைய கூலி அன்றைக்கே கையில். ஊரை விட்டுப் போக நினைத்தவர்கள் மூட்டையை அவிழ்த்தார்கள்.

கரை 1858-இன் இறுதியில் முடிந்தது. உயரம் 5 மீட்டர். அடியில் அகலம் 20 மீட்டர். நீளம் 600 மீட்டருக்கு மேல். செலவு 1,572 ரியோ. ரியோ என்பது அந்தக் காலத்துப் பொற்காசு. ஆள்களையும் நாள்களையும் பெருக்கி அன்று எழுதிய கணக்கு 56,736 என்கிறது. அதாவது, ஒரே ஆள் தனியாக வேலை செய்திருந்தால் 56,736 நாள்கள், 155 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும்.

கரையின் கடல் பக்கம் பைன் மரங்களை வரிசையாக நட்டார். அலையோடு வரும் படகுகளும் மரக்கட்டைகளும் ஊருக்குள் பாயாமல் அவை தடுக்கும். ஊர்ப் பக்கம், காயிலிருந்து மெழுகு எடுக்க உதவும் மரங்களை நட்டார். மெழுகு விற்றால் காசு வரும் அல்லவா? வியாபாரியின் மூளை!

ஊர் மக்கள் அவரைத் தெய்வமாக நினைத்துக் கோயில் கட்டப் புறப்பட்டார்கள். கோர்யோ கடுமையாக மறுத்துவிட்டார். அந்த யோசனை அத்தோடு நின்றது.

பிறகு ஜப்பானில் ஆட்சி மாறியது. 1871-இல் கோர்யோ சிறிது காலம் நாட்டின் அஞ்சல் துறைக்குத் தலைவராக இருந்தார். வகயாமாவின் மக்கள் மன்றத்துக்கு முதல் தலைவரும் அவர்தான். வெளிநாடு போகத் தடையும் நீங்கியிருந்தது. இளமையில் மனத்துக்குள் வைத்த ஆசையை 63 வயதில் எடுத்தார். 1884-இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஆனால் உலகம் சுற்றி முடிக்கக் கொடுத்துவைக்கவில்லை. 1885 ஏப்ரலில் நியூயார்க் நகரில் நோயால் இறந்தார்.

1896-இல் ஜப்பானின் வடகிழக்குக் கரையில் ஒரு பயங்கரச் சுனாமி வந்தது. சுமார் 22,000 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த லாஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர், காதில் விழுந்திருந்த கோர்யோவின் கதையை 1897-இல் ஆங்கிலத்தில் எழுதினார். அதில் பல மாற்றங்கள்! 34 வயது கோர்யோ, கோஹெய் என்ற கிழவராகிவிட்டார். குன்றின் மேல் இருந்த தன் வீட்டிலிருந்து அலையைப் பார்த்து, அறுவடை செய்த நெற்கதிர்களையே கொளுத்துகிறார். தீயை அணைக்க ஓடி வந்த மக்கள் பிழைக்கிறார்கள். கோயிலும் கட்டிவிடுகிறார்கள். கரை கட்டியதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

இன்னொரு மாற்றமும் உண்டு. கதையில் பூகம்பம் பலமாக இல்லை, மெதுவாக நீண்ட நேரம் ஆடுகிறது. ஹிரோவில் அப்படி இல்லை. ஆனால் 1896 சுனாமிக்கு முன் பூமி அப்படித்தான் லேசாக ஆடியது; அதனால்தான் மக்கள் அசட்டையாக இருந்துவிட்டார்கள். பலமாக ஆடினாலும், மெல்ல நீண்ட நேரம் ஆடினாலும், கரையில் இருப்பவர் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம்.

1903-இல் கோர்யோவின் மகன் ஒருவர் லண்டனில் ஒரு கூட்டத்தில் பேசினார். பேச்சு முடிந்ததும் ஓர் ஆங்கிலேயப் பெண் எழுந்து, ஹெர்ன் எழுதிய கதையில் வரும் ஹமாகுச்சிக்கு நீங்கள் உறவா என்று கேட்டார். அப்பாவின் பெயரை அவ்வளவு தொலைவில் கேட்டதும் மகனுக்குப் பேச்சே வரவில்லையாம். பிறகு 1937 முதல் பத்து ஆண்டுகள் ஜப்பான் பள்ளிப் பாடப்புத்தகத்திலும் அந்தக் கதை இடம்பெற்றது.

1946 டிசம்பர் 21, விடியற்காலை 4 மணி கடந்த நேரம். நன்காய் பள்ளம் மறுபடியும் துள்ளியது. சுமார் 4 மீட்டர் உயர அலை ஹிரோவை நோக்கி வந்தது. மரங்கள் வளர்ந்து நின்ற அந்த மண் கரை, 88 ஆண்டுகளாகக் காத்திருந்த வேலையைச் செய்தது. அதன் பின்னால் இருந்த வீடுகளில் பெரும்பாலானவை தப்பின. கரை எட்டாத பகுதியில் மட்டும் நீர் புகுந்தது; 22 பேர் இறந்தார்கள். கரையைக் கட்டியவர் இறந்து அப்போது 61 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அது சரி, நவம்பர் 5 எங்கே வந்தது? 1854-இல் ஜப்பானியர் நிலாவை வைத்து நாள் கணக்கிட்டார்கள். நமக்கு டிசம்பர் 24 ஆக இருந்த நாள், அவர்கள் கணக்கில் பதினோராம் மாதம் ஐந்தாம் நாள். அதையே இன்றைய நாள்காட்டியில் நவம்பர் 5 என்று வைத்துக்கொண்டார்கள். அந்த நாளிலிருந்து 150 ஆண்டுகளும் இரண்டு நாள்களும் கழித்துத்தான் நம் கரைக்கு அலை வந்தது.

ஹிரோவின் பெயர் இப்போது ஹிரோகவா. கோர்யோ கட்டிய கரை இன்றும் அங்கே இருக்கிறது. 1903 முதல் ஆண்டுதோறும் அங்கே சுனாமி விழா நடக்கிறது. நவம்பரில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து, ஆளுக்குக் கொஞ்சம் மண்ணைக் கரையின் மேல் போட்டுவிட்டுப் போகிறார்கள்.